ஏழாம் மாதம், இடுப்பு வலி: கைரோபிராக்டரிடம் போகலாமா?

கேள்வி: பிப்ரவரி 9, காலை

27 வாரம். தலைப்பிரசவம். மூன்று வாரமாக இடது பக்கம், பிட்டத்துக்குச் சற்று மேலே குத்துகிறது. படுக்கையில் புரள முடியவில்லை. மாடிப்படி ஏறினால் கண்ணில் தண்ணீர் வருகிறது. டாக்டரிடம் சொன்னால் "இந்த நேரத்தில் இதெல்லாம் சகஜம்" என்று முடித்துவிடுகிறார். கூட வேலை செய்பவர் "உனக்கு எலும்பு நகர்ந்திருக்கிறது, கைரோபிராக்டரிடம் போ, ஒரு தட்டில் சரியாகிவிடும்" என்கிறார். முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அமுக்கி, தட்டி வலியைப் பார்ப்பவர்களாம். வயிற்றில் பிள்ளையோடு அதெல்லாம் செய்யலாமா? போய் வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பதில்: பிப்ரவரி 9, மதியம்

போங்கள். நான் போனேன். இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது, 26-ஆவது வாரத்திலிருந்து 34 வரை, மொத்தம் ஆறு தடவை. உங்களுக்கு வலிக்கிற அதே இடம், அதே இடது பக்கம்.

பயந்துகொண்டுதான் போனேன். கழுத்தைத் திருகுவார்கள், முதுகில் முழங்காலை வைத்து அமுக்குவார்கள் என்றெல்லாம் கற்பனை. அப்படி எதுவும் இல்லை. மேசையில் வயிறு படும் இடத்தில் மெத்தை கீழே இறங்கிப் பள்ளமாகும். மாதக்கணக்கில் குப்புறப் படுக்காத உடம்பு அது. அந்தப் பள்ளத்தில் வயிற்றை இறக்கிக் குப்புறப் படுத்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவ்வளவு சுகம். இடுப்புக்கு அடியில் ஒரு பலகைத் துண்டு. அதைக் கொஞ்சம் உயர்த்தி வைத்துவிட்டு, உள்ளங்கையால் இடுப்பின் பின்பக்கம் ஒரு சின்ன அழுத்து. பலகை 'டக்' என்று கீழே விழும். முதல் தடவை என் எலும்புதான் உடைந்தது என்று நினைத்தேன். சத்தம் மேசையுடையது.

அப்புறம் பக்கவாட்டில் படுக்கவைத்து மெதுவாக இழுப்பது, தொடையின் உள்பக்கம் அமுக்குவது என்று ஒரு இருபது நிமிடம். வெளியே வந்து, சுவரைப் பிடிக்காமல் ஒற்றைக் காலில் நின்று செருப்பு மாட்டினேன். மூன்று வாரத்தில் முதல் தடவை.

நகர்ந்த இடுப்பை நேராக்கி வைத்தார்கள், வலி போயிற்று. இவ்வளவுதான் விஷயம். யோசிக்காமல் போங்கள்.

பிப்ரவரி 9, இரவு

"யோசிக்காமல்" என்று எழுதியிருக்கக் கூடாது. படுத்த பிறகு உறுத்தியது, எழுந்து வந்து எழுதுகிறேன்.

முதல் பிள்ளையின்போது எனக்கு வந்த முதுகு வலியையும் நான் இடுப்பு வலி என்றே நினைத்தேன். ஒத்தடம் கொடுத்துக்கொண்டு இரண்டு நாள் கிடந்தேன். மூன்றாம் நாள் குளிர் காய்ச்சல், பல் கிட்டியது. சிறுநீரகத்தில் கிருமித் தொற்று. மருத்துவமனையில் சேர்த்து ஊசி வழியாக மருந்து ஏற்றினார்கள். அன்று யாராவது என்னை ஒரு மேசையில் படுக்கவைத்துத் தட்டியிருந்தால் இன்னும் இரண்டு நாள் வீணாகியிருக்கும்.

ஆகவே, வலியோடு கூட இதில் ஏதாவது இருந்தால் நேரே பிரசவ டாக்டர், வேறு யாரும் இல்லை: ரத்தக் கசிவு, பனிக்குட நீர் ஒழுகுவது, காய்ச்சல், சிறுநீர் எரிச்சல், வயிறு கல் போல இறுகி விட்டுவிட்டு வருவது, பிள்ளையின் அசைவு குறைவது, விடாத தலைவலி, கண் மங்குவது, விலா எலும்புக்குக் கீழே வலி, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருப்பது. தொடை இடுக்கில் மரத்துப்போனாலோ, சிறுநீர் தன்னால் போனாலோ, நிற்கிற வேலையை விட்டுவிட்டு அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும். நஞ்சுக்கொடி கீழே இருப்பதாக ஸ்கேனில் சொல்லியிருந்தாலும், ரத்தம் உறையாமல் இருக்க ஊசி போட்டுக்கொள்பவராக இருந்தாலும் முதலில் டாக்டரிடம் கேட்காமல் யார் கையையும் உடம்பில் வைக்க விடாதீர்கள்.

"இதெல்லாம் சகஜம்" என்று சொன்ன டாக்டர் மேல் எனக்கும் கோபம்தான். ஆனாலும் மேலே சொன்னதையெல்லாம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அப்படிச் சொல்லியிருப்பார் என்று வையுங்கள். வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம்.

பிப்ரவரி 11

கீழே ஒருவர், "எலும்பு நகர்ந்ததை எதில் பார்த்தீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். நக்கல் என்று நினைத்து முதலில் பதில் எழுதவில்லை. பிறகு யோசித்தால், எதிலும் பார்க்கவில்லை. கர்ப்பத்தில் அதற்காக யாரும் எக்ஸ்ரே எடுப்பதும் இல்லை, எடுக்கவும் கூடாது. கைரோபிராக்டர் கட்டைவிரலால் இரண்டு பக்கமும் தொட்டுப் பார்த்துவிட்டு "இடது பக்கம் மேலே ஏறியிருக்கிறது" என்றார். நான் நம்பினேன்.

இரண்டு நாளாகத் தேடிப் படித்தேன். முதுகெலும்பின் அடியில் முக்கோணமாக ஒரு எலும்பு இருக்கிறது. அதன் இரண்டு பக்கமும் இடுப்பெலும்புகள் வந்து சேரும் மூட்டுகளைத்தான் இவர்கள் 'நகர்ந்துவிட்டது' என்கிறார்கள். உடம்பிலேயே அசைய மறுக்கும் மூட்டுகளில் ஒன்று அது. இரண்டு பக்கத்தையும் இணைத்துத் தடித்த நார்கள் கட்டிப்போட்டிருக்கின்றன. அசைந்தால் சில டிகிரி, ஒன்றிரண்டு மில்லிமீட்டர். தோல், கொழுப்பு, தசை எல்லாவற்றுக்கும் மேலாகக் கட்டைவிரல் வைத்து அதைக் கண்டுபிடிப்பது எனக்கு இப்போது ஜோசியமாகத் தெரிகிறது.

1998-இல் ஸ்வீடனில் ஒரு சின்ன ஆய்வு. பத்தே பேர். எலும்பில் நுண்ணிய உலோக மணிகளைப் பதித்து, அந்த மூட்டைத் தட்டிச் சரிசெய்வதற்கு முன்னும் பின்னும் துல்லியமாகப் படம் எடுத்தார்கள். தட்டியவர்கள் கைக்குச் சரியானதாகத் தெரிந்தது. படத்தில் எலும்பு இருந்த இடத்திலேயே இருந்தது. அவர்கள் கர்ப்பிணிகள் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் கேட்ட சத்தம் மேசையுடையது என்று எழுதினேன். உடம்பிலிருந்தே வரும் சத்தமும் உண்டு, அது நாம் விரலில் நெட்டி முறிக்கிறோமே, அதே சங்கதி. மூட்டுக்குள் வழவழப்பான திரவம் இருக்கிறது. மூட்டை இழுத்தால் உள்ளே அழுத்தம் குறைந்து வாயு நிரம்பிய ஒரு சின்ன இடைவெளி உண்டாகிறது. 2015-இல் கனடாவில் ஒருவர் விரலை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் வைத்து இழுத்தே படம் பிடித்திருக்கிறார்கள். சத்தம் வந்தது என்பதற்கு எலும்பு இடத்தில் போய் உட்கார்ந்தது என்று அர்த்தம் இல்லை.

ஆக, "நகர்ந்த இடுப்பை நேராக்கினார்கள்" என்று ஒன்பதாம் தேதி எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். வலி குறைந்தது என்பதைத் திரும்பப் பெறவில்லை.

பிப்ரவரி 12

"அப்படியானால் வீட்டுக்காரரை விட்டு நெட்டி முறிக்கச் சொல்லலாமா?" என்று கேட்டவருக்கு: வேண்டாம். அவர் கால் பிடித்துவிட்டால் போதும்.

பிப்ரவரி 16

எலும்பு நகரவில்லை என்றால் வலி எங்கிருந்து வருகிறது என்று கேள்வி கேட்டவரே கேட்கிறார். நியாயமான கேள்வி.

ரிலாக்சின் என்ற ஹார்மோன் மூட்டு நார்களைத் தளர்த்துகிறது, அதனால் வலி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நானும் அதையே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த ஹார்மோன் ரத்தத்தில் உச்சத்துக்குப் போவது முதல் மூன்று மாதங்களில். வலி உச்சத்துக்குப் போவது கடைசி மாதங்களில். அது அதிகம் இருப்பவர்களுக்கு வலியும் அதிகம் என்று ஆய்வுகள் ஒரே குரலில் சொல்லவும் இல்லை. தளர்வு உண்மைதான். முன்பக்கம் இரண்டு இடுப்பெலும்பும் சேரும் இடத்தில் சாதாரணமாக 4-5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும், கர்ப்பத்தில் இன்னும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் விரியும். எல்லோருக்கும்தான் விரிகிறது, எல்லோருக்கும் வலிப்பதில்லை.

பாரம் முன்னால் போகப் போக, பின்னால் சாய்ந்து சமன் செய்கிறோம். இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. 2007-இல் வந்த ஒரு ஆராய்ச்சி. முதுகின் கீழ் வளைவு ஆண்களுக்கு இரண்டு முள்ளெலும்புகளில் வளைகிறது, பெண்களுக்கு மூன்றில். சுமையை மூன்றாகப் பகிர்ந்துகொள்ள வசதியாக அந்த எலும்புகளே ஆப்பு வடிவில் இருக்கின்றன. பல லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய மனித முன்னோரின் எலும்புகளிலேயே அது தெரிகிறதாம். நிமிர்ந்து நடந்துகொண்டே பிள்ளை சுமக்க உடம்பு முன்கூட்டியே தயாராகியிருக்கிறது. அப்படியும் கர்ப்பிணிகளில் பாதிக்கு மேல் முதுகு வலி என்கிறார்கள், ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு உங்களைப் போல இடுப்பு மூட்டு வலி.

சரி, புரளுவது. இதை யாரும் சொல்லித் தரவில்லை, நானாகக் கண்டுபிடித்தேன், பிறகு பிசியோதெரபிஸ்ட் ஒருவர் அதையே சொன்னார். இடது பக்கம் படுத்திருக்கிறீர்கள், வலது பக்கம் திரும்ப வேண்டும். முதலில் இரண்டு முழங்காலையும் மடக்கி, தலையணை ஒன்றை நடுவில் வைத்து இறுக்கிக்கொள்ளுங்கள். மூச்சை வெளியே விட்டுக்கொண்டே தோள், இடுப்பு, முழங்கால் மூன்றையும் ஒரே கட்டையாக உருட்டுங்கள். மேல் காலை மட்டும் முதலில் தூக்கிப் போடுகிறோமே, அப்போதுதான் அந்தக் குத்து. காரிலிருந்து இறங்குவதும் அப்படியே: பிட்டத்தை இருக்கையில் திருப்பி, இரண்டு காலையும் சேர்த்து வெளியே வைத்து, பிறகு எழ வேண்டும். உட்கார்ந்துகொண்டு பாவாடை மாட்டுங்கள். ஒற்றைக் காலில் நிற்கிற எந்த வேலையும் இப்போதைக்கு வேண்டாம்.

ஒன்பதாம் தேதி ஒற்றைக் காலில் செருப்பு மாட்டியதைப் பெருமையாக எழுதியவளும் நான்தான்.

பிப்ரவரி 20

இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

பழைய போனைத் தேடி எடுத்து சார்ஜ் போட்டேன். அந்தக் காலத்தில் தினமும் படுக்கப்போகும் முன் வலிக்கு 10-க்கு எத்தனை என்று குறித்துவைப்பேன். கைரோபிராக்டர் கேட்டதற்காக ஆரம்பித்தது என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். இல்லை. அவரிடம் போவதற்கு ஐந்து நாள் முன்னாலேயே எழுதத் தொடங்கியிருக்கிறேன். அந்த வாரம் இப்படி இருக்கிறது:

சனி 8, ஞாயிறு 8, திங்கள் 6, செவ்வாய் 6, புதன் 5. வியாழன் முதல் தடவை போனேன், அன்று இரவு 3. வெள்ளி 3. சனி 5.

போவதற்கு முன்பே எட்டு ஐந்தாகிவிட்டிருக்கிறது! திங்கட்கிழமை என்ன நடந்தது என்று அம்மாவிடம் போன் செய்து கேட்டேன். "அன்றைக்குத்தானே நான் வந்தேன்" என்றார். அம்மா வந்த அன்றிலிருந்து பெரியவனை நான் தூக்கவில்லை. அவனுக்கு அப்போது இரண்டு வயது, 12 கிலோ, எந்நேரமும் என் இடுப்பில். எந்தப் பக்கம் என்று கேட்காதீர்கள். வலது கையால் வேலை செய்கிறவள் பிள்ளையை எந்த இடுப்பில் வைப்பாள்?

குறிப்புகளை மேலும் பார்த்தால் அநேகமாக எல்லாத் தடவையும் ஒரே கதை. போன அன்றும் மறுநாளும் இரண்டு எண் இறங்குகிறது, மூன்றாம் நாள் பழைய இடத்துக்கு வருகிறது. அந்தப் பழைய இடம் மட்டும் வாரத்துக்கு வாரம் மெல்லக் குறைந்துகொண்டே போயிருக்கிறது. அம்மா ஊருக்குப் போன வாரம் மறுபடி 7.

இத்தனை வருஷமாக நான் யார் யாரையெல்லாம் அந்தக் கைரோபிராக்டரிடம் அனுப்பினேன் என்று எண்ணிப் பார்த்தேன். ஐந்து பேர். அம்மாவுக்கு ஒரு வார்த்தை நன்றி சொன்னதில்லை.

பிப்ரவரி 21

"அப்போ எல்லாம் ஏமாற்று என்கிறாயா, எனக்கு நன்றாகக் கேட்டதே" என்று ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். நான் அப்படிச் சொல்லவில்லை. இரண்டு நாள் இரண்டு எண் குறைந்தது என்பது, இரவெல்லாம் தூங்காத ஒருத்திக்குப் பெரிய விஷயம். அந்த இரண்டு இரவும் நான் தூங்கினேன். தூங்கி எழுந்தவளின் வலியும் தூங்காதவளின் வலியும் ஒன்று இல்லை.

மொத்தமாக ஆராய்ச்சிகளைத் திரட்டிப் பார்த்தவர்கள் உண்டு. 2015-இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட தொகுப்பில் 34 ஆய்வுகள், 5121 கர்ப்பிணிகள். உடற்பயிற்சி முதுகு வலியைக் குறைக்கக்கூடும், ஆனால் சான்றின் தரம் குறைவு. கையால் செய்யும் சிகிச்சை, அதிலும் கைரோபிராக்டிக்கின் ஒன்றுவிட்ட சகோதரனான ஆஸ்டியோபதி, உதவலாம் என்பதற்குத் தனித்தனி ஆய்வுகளில் ஓரளவு சான்று. பெரிதாகக் கெடுதல் எதுவும் அந்த ஆய்வுகளில் தென்படவில்லை. இதில் யாரும் ஜெயித்த மாதிரித் தெரியவில்லை.

வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் யாரும் சிகிச்சை தேடிப் போவார்கள். உச்சத்துக்கு அப்புறம் இறக்கம்தானே. அன்று யாரிடம் போயிருந்தாலும் அவருக்கே பேர் கிடைத்திருக்கும்.

மார்ச் 1

வேறொருவர் 32 வாரம், தலை திரும்பவில்லை, கைரோபிராக்டர் திருப்பிவிடுவாராமே என்று கேட்கிறார்.

வெப்ஸ்டர் முறை என்பார்கள். லாரி வெப்ஸ்டர் என்ற அமெரிக்க கைரோபிராக்டர் ஏற்படுத்தியது. அந்த முக்கோண எலும்பையும், வயிற்றின் முன்பக்கம் கர்ப்பப்பையைத் தாங்கும் நாரையும் கவனிப்பார்கள். பிள்ளையை யாரும் வெளியிலிருந்து பிடித்துத் திருப்புவதில்லை. இடுப்பு தளர்ந்தால் பிள்ளை தானாக இடம் தேடிக்கொள்ளும் என்பது அவர்கள் வாதம். அவர் தொடங்கிய அமைப்பே இப்போது, இது பிள்ளையைத் திருப்பும் சிகிச்சை இல்லை, தாயின் இடுப்புக்கான சிகிச்சை என்றுதான் சொல்கிறது. விளம்பரப் பலகைகளுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

என் கதையைச் சொல்கிறேன். 31-ஆவது வாரத்தில் என் சின்னவளும் தலையை மேலே வைத்துக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்திருந்தாள். "இரண்டு தடவை வாருங்கள், திருப்பிவிடலாம்" என்றார் என் கைரோபிராக்டர். போனேன். 33-இல் ஸ்கேன், தலை கீழே. அவர் சுவரில் இருந்த படங்களோடு என் ஸ்கேன் படமும் சேர்ந்தது.

28 வாரத்தில் பார்த்தால் நான்கைந்து பிள்ளைகளில் ஒன்று இப்படித்தான் உட்கார்ந்திருக்கும். பிரசவ நேரத்தில் நூற்றுக்கு மூன்று நான்குதான். நடுவில் மற்ற பிள்ளைகளை யார் திருப்பினார்கள்? அதுகளே குட்டிக்கரணம் போட்டுத் திரும்பிவிடுகின்றன. 31 வாரத்தில் காக்காய் உட்காரப் பனம்பழம் விழ நிறைய வாய்ப்பு இருக்கிறது.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குழு வைத்து ஒழுங்காகச் செய்த ஆய்வு ஒன்று இந்த முறைக்கு என் கண்ணில் படவே இல்லை. இடுப்பு வலிக்காகப் போகிறேன் என்றால் போங்கள். தலை திரும்ப வேண்டும் என்பதற்காக மட்டும் என்றால் என் கருத்து, வேண்டாம்.

மார்ச் 2

விட்டுப்போயிற்று. 36-37 வாரத்துக்குப் பிறகும் திரும்பவில்லை என்றால் பிரசவ டாக்டரே வயிற்றின் மேல் கைவைத்துத் திருப்பிப் பார்க்கும் முறை உண்டு. மருத்துவமனையில், பிள்ளையின் இதயத் துடிப்பைப் பார்த்துக்கொண்டே, தேவைப்பட்டால் உடனே சிசேரியன் செய்யும் வசதியோடு செய்வார்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்குத் திரும்பிவிடும். வலிக்கும் என்று செய்துகொண்டவர்கள் சொல்கிறார்கள். அதைக் கேட்டுப் பார்க்காமல் வெளியே மாதக்கணக்கில் அலைய வேண்டாம். 32 வாரத்துக்காரர் இப்போதைக்குக் காத்திருங்கள், அவ்வளவுதான்.

மார்ச் 8

கழுத்து பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்.

நான் விடவில்லை. மூன்றாவது தடவை போனபோது "கழுத்தும் இறுகியிருக்கிறது, ஒரே திருப்பு" என்று கையை வைத்தார். "வேண்டாம்" என்றேன். "ஒன்றும் ஆகாது" என்றார். "ஆகாது என்றாலும் வேண்டாம்" என்றேன். கையை எடுத்துவிட்டார். அன்று அது வெறும் பயம், காரணம் எதுவும் தெரியாது.

இப்போது தெரிகிற காரணம்: கழுத்தெலும்புகளுக்குள் நுழைந்து மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் நாளங்கள் இரண்டு இருக்கின்றன. வேகமாகத் திருப்பியதைத் தொடர்ந்து அவற்றின் உள்சுவர் கிழிந்து, பக்கவாதம் வந்த சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. மிக அரிது. திருப்பியதால் கிழிந்ததா, ஏற்கெனவே கிழியத் தொடங்கியதால் வந்த கழுத்து வலிக்குத்தான் அவர்கள் சிகிச்சைக்கே போனார்களா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களில் யாரும் தொடாமலே இந்த நாளம் கிழிவது, அரிதாக என்றாலும், அறியப்பட்ட விஷயம். இடுப்பு வலிக்குப் போனவள் கழுத்தை ஏன் கொடுக்க வேண்டும்?

இதைப் படிக்கும்போது இன்னொன்று கண்ணில் பட்டது, சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்தத் தொழிலே தொடங்கியது காதில். 1895, அமெரிக்காவில் அயோவா மாநிலத்தின் டேவன்போர்ட். காந்த சிகிச்சை செய்துகொண்டிருந்த டேனியல் டேவிட் பால்மர், காது மந்தமாகிப்போன ஹார்வி லில்லார்டு என்பவரின் முதுகில் ஒரு எலும்பைத் தட்டி, கேட்கும் சக்தியைத் திருப்பித் தந்ததாகச் சொன்னார். காது நரம்பு முதுகு வழியாகப் போவதே இல்லை. முள்ளெலும்பு இடம் பிசகி நரம்பை அடைப்பதுதான் அநேகமாக எல்லா நோய்க்கும் காரணம் என்ற எண்ணம் அங்கிருந்து வந்தது. இன்றைய கைரோபிராக்டர்களில் பலர் அதைக் கைகழுவிவிட்டு, முதுகு வலி, மூட்டு வலியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சிலர் இன்னும் விடவில்லை. உங்கள் முன்னால் நிற்பவர் எந்த வகை என்று பேச்சிலேயே தெரிந்துவிடும்.

மார்ச் 15

எப்படித் தெரியும் என்று கேட்டால், எனக்கு மணி அடித்த இடங்கள் இவை. "24 தடவைக்கு மொத்தமாக இப்போதே பதிவு செய்தால்" என்று தொடங்கினால். "பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கும் நல்லது" என்றால். வலி இல்லாவிட்டாலும் பிரசவம் வரை வாரா வாரம் வா என்றால். டாக்டரிடம் சொல்ல வேண்டாம் என்றால் செருப்பைக்கூட மாட்டிக்கொள்ளாமல் ஓடிவிடுங்கள்.

நல்லவர் என்றால் முதலில் கேள்வி கேட்பார். எத்தனை வாரம், ரத்தக் கசிவு உண்டா, ரத்த அழுத்தம் எவ்வளவு, என்ன மருந்து சாப்பிடுகிறாய். ரொம்ப நேரம் மல்லாக்கப் படுக்கவைக்க மாட்டார். 20 வாரத்துக்கு மேல் கர்ப்பப்பையின் கனம் பெரிய ரத்த நாளத்தை அமுக்கும், தலை சுற்றும். சுற்றினால் உடனே இடது பக்கம் திரும்பிப் படுத்துவிடுங்கள், அனுமதிக்குக் காத்திருக்க வேண்டாம். நான்கைந்து தடவையில் ஒரு மாற்றமும் இல்லை என்றால் அவரே நிறுத்தச் சொல்வார்.

பட்டம், உரிமம் உண்டா என்று பாருங்கள். பிரிட்டனில் 1994-லேயே இதற்கென்று சட்டம் போட்டுவிட்டார்கள். அமெரிக்காவில் உரிமம் இல்லாமல் எந்த மாநிலத்திலும் தொழில் செய்ய முடியாது. பல நாடுகளில் கேட்பாரே இல்லை, ஒரு வார வகுப்புக்குப் போய்விட்டு வந்தவரும் அதே பலகையை மாட்டலாம்.

பிள்ளை பிறந்த பிறகு "குழந்தைக்கும் ஒரு தடவை பார்த்துவிடலாம்" என்பார்கள். என்னிடமும் சொன்னார். பிறந்து இரண்டே வாரமான குழந்தைக்கு இப்படிச் செய்கிற வீடியோ ஒன்று ஆஸ்திரேலியாவில் பரவி, 2019-இல் இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு முதுகெலும்பைத் தட்டும் சிகிச்சை செய்யக் கூடாது என்று அங்கே கைரோபிராக்டர்களின் வாரியமே இடைக்கால விதி போட்டது. அழுகிற குழந்தைக்கு முதுகில் எலும்பு பிசகியிருக்கிறது என்று என்னால் நம்ப முடியவில்லை. அழுவதற்கு அதற்கு வேறு ஆயிரம் காரணம் இருக்கிறது.

வலி மாத்திரை பற்றிக் கேட்டவருக்கு ஒரே ஒரு வரி: ஐபுபுரோஃபென் வகை மாத்திரைகளை 20 வாரத்துக்கு மேல் நீங்களாக எடுக்காதீர்கள், மற்றதை டாக்டரிடம் கேளுங்கள்.

மார்ச் 29

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து எழுதியிருப்பதைப் பார்த்தேன். 34 வாரம். பிசியோதெரபிக்குப் போகிறார், வயிற்றுக்குக் கீழே இடுப்பைச் சுற்றிக் கட்டும் பெல்ட் போட்டிருக்கிறார், வலி பாதியாகியிருக்கிறது. கைரோபிராக்டரிடம் ஒரு தடவை போனாராம், சுகமாக இருந்ததாம், மறுபடி போகவில்லையாம். காரணம் கேட்டால், "உன் இடுப்பு ரொம்ப நிலையில்லாமல் இருக்கிறது என்று சொன்னார், அதிலிருந்து நடக்கவே பயமாக இருக்கிறது" என்கிறார்.

இதைப் படித்ததும் எனக்கு வயிறு சுருண்டது. ஏனென்றால் என்னிடமும் அதே போலத்தான் சொன்னார்கள். இரண்டாவது தடவை, என் குதிகால்கள் இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஒரு கால் நீளமாகிவிட்டது, மறுபடி நகர்ந்திருக்கிறது, என்ன செய்தாய்?" என்றார். என்ன செய்தேன்! படி ஏறினேன். கொடியில் துணி போட்டேன். அன்றிலிருந்து தளும்பும் குடத்தைச் சுமப்பவள் போல நடந்தேன். குனிய மாட்டேன், திரும்ப மாட்டேன், பெரியவன் ஓடிவந்து காலைக் கட்டினால் கத்துவேன். குறிப்புகளில் பார்த்தால் அந்த வாரம் மட்டும் எண் குறையவில்லை. எழுதியிருப்பது: "நகர்ந்துவிடுமோ."

மேசையில் கொஞ்சம் கோணலாகப் படுத்தாலே கால் நீளம் மாறித் தெரியும். அது எனக்கு அன்று தெரியாது. அந்த மூட்டு எவ்வளவு இறுக்கமாகக் கட்டப்பட்டது என்பதும் தெரியாது. வலிக்கிற இடுப்பு வேறு, கழன்று விழப்போகிற இடுப்பு வேறு. உங்களுடையது வலிக்கிற இடுப்பு. நடங்கள். சின்னச் சின்ன எட்டு வைத்து, வலி ஏறினால் உட்கார்ந்து, மறுபடி நடங்கள்.

அந்த ஆறு தடவையில் அவர் கை எனக்கு எந்தக் கெடுதலும் செய்யவில்லை. வாய் செய்தது.

மே 18

பெண் குழந்தையாம், சுகப்பிரசவமாம். வாழ்த்துகள். வலி எப்போது முழுசாகப் போகும் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலானவர்களுக்குப் பிரசவத்துக்குப் பின் வாரங்களில், மிஞ்சினால் சில மாதங்களில் போய்விடுகிறது. சிலருக்கு நீடிக்கும், மூன்று மாதத்துக்கு மேல் போனால் மறுபடி காட்டுங்கள். எனக்கு நான்கு மாதம் ஆயிற்று. இன்னும் காரிலிருந்து இறங்கும்போது முழங்காலை ஒட்டிக்கொண்டுதான் இறங்குகிறேன், சின்னவளுக்கு ஆறு வயது ஆகிவிட்டது, அவளும் என்னைப் பார்த்து அப்படியே இறங்குகிறாள்.

குழந்தையை ஒரே இடுப்பில் வைக்காதீர்கள்.

ஜூன் 2

புதிதாக ஒருவர், 30 வாரம், இதே கேள்வி. மேலே முதல் குறிப்பை விட்டுவிட்டு பிப்ரவரி 20-இலிருந்து படியுங்கள். அந்த முதல் குறிப்பை அழித்துவிடலாமா என்று யோசித்தேன். எலும்பு, நேராக்கியது, யோசிக்காமல் போவது, எல்லாமே தப்பு. அந்த மேசையில் குப்புறப் படுத்ததும் அழுகை வந்தது மட்டும் அப்படியே நடந்தது, அதற்காக விட்டுவைத்திருக்கிறேன்.